சிம்பன்சியும் இரண்டரை வயதுக் குழந்தையும்

சிம்பன்சியின் அறிவு எல்லா வகையிலும் இரண்டரை வயதுக் குழந்தைக்குச் சமம் என்று ஜெர்மன் ஆய்வு ஒன்று சொல்வதாக ஒரு படத்தைப் பகிர்ந்திருக்கிறார்கள். அது பாதிதான் சரிங்க.

லைப்சிக் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் 2007-இல் வெளியிட்ட ஆய்வு அது. 106 சிம்பன்சிகள், 32 ஒராங்குட்டான்கள், 105 குழந்தைகள். ஒளித்த பொருளைத் தேடுவது, எது அதிகம் என்று கண்டுபிடிப்பது போன்றவற்றில் சிம்பன்சிகளும் குழந்தைகளும் ஏறக்குறைய சமம். அடுத்தவரைப் பார்த்துக் கற்பதில்தான் பெரிய இடைவெளி. குழாய்க்குள் இருப்பதை எப்படி எடுப்பது என்று செய்து காட்டினால் குழந்தை அப்படியே செய்யும்; மனிதக் குரங்குகளோ குழாயை உடைக்கப் பார்க்கும், பல்லால் இழுக்கும். (சோதித்தவர்கள் மனிதர்கள் என்பதால் இது மனிதக் குரங்குகளுக்குப் பாதகம் என்ற விமர்சனமும் உண்டு, நியாயமானதே.)

சரிபார்க்க: எஸ்தர் ஹெர்மன், மைக்கேல் டொமசெல்லோ, 2007, 'சயன்ஸ்' இதழ் என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். கட்டுரைச் சுருக்கம் இலவசம். அதிலேயே பொருள்களைக் கையாளும் அறிவு, அடுத்தவரோடு பழகும் அறிவு என்ற இரண்டு பிரிவுகளின் முடிவையும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். பகிர்ந்த படத்தில் முதல் பிரிவு மட்டும்தான் இருக்கிறது.