ஐ.ஜி.எஃப்-1 குறைவாக இருந்தால் கல்லீரல் புற்றுநோய் வராதா?

"ரத்தத்தில் ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி அதிகமிருந்தால் கல்லீரல் புற்றுநோய், குறைவாக இருந்தால் பயமில்லை, ஸ்கேன் வேண்டாம்" என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றிவருகிறது. இது தவறு. பின்பாதி ஆபத்தானதும்கூட.

ரத்தத்தில் ஓடும் ஐ.ஜி.எஃப்-1-இல் பெரும்பகுதியைச் சுரப்பதே கல்லீரல்தான். வளர்ச்சி ஹார்மோன் தூண்ட, கல்லீரல் அதை உருவாக்குகிறது. கல்லீரல் சுருங்கி இறுகும் சிரோசிஸ் நோயில் அந்தத் திறன் குன்றுகிறது, அளவும் இறங்குகிறது. புற்றுநோய் பெரும்பாலும் தோன்றுவது அத்தகைய கல்லீரலில்தான். ஆகவே குறைந்த அளவைக் கண்டு நிம்மதியடைவது, மிகுந்த கவனம் தேவைப்படுபவரையே கைவிடுவதாகும். இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

அளவு கூடுவதற்கும் வேறு காரணங்கள் உண்டு. பருவ வயதில் அது இயல்பாகவே உயரும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கும் கோளாறிலும் உயரும். இந்தப் பரிசோதனை முக்கியமாகப் பயன்படுவது வளர்ச்சி ஹார்மோன் கோளாறுகளை அறியத்தான்.

சிரோசிஸ் உள்ளவர்களுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பரிந்துரைக்கப்படுகிறது. ஹெபடைடிஸ் பி தொற்றுள்ளவர்களில் பலருக்கும் இது பொருந்தும். அமெரிக்க, ஐரோப்பியக் கல்லீரல் மருத்துவச் சங்கங்களின் வழிகாட்டுதல்களில் இதைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்திருந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அவர்களுக்கு இந்த விளக்கத்தையும் அனுப்புங்கள்.