அந்த ஒரு மணி நேரம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செமஸ்டர் தேர்வில் நான் அறைக் கண்காணிப்பாளர். பகல் ஒரு மணிக்கு மணி அடித்தது. விடைத்தாள்களை வாங்கிக்கொண்டே கடைசி வரிசைக்கு வந்தேன். அங்கே ஒரு மாணவர் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார். வினாத்தாளின் மேல் ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கிப் படித்திருக்கிறார். பேனாவை அழுத்திப் பிடித்ததில் ஆள்காட்டி விரலின் நுனி வெளுத்துப்போயிருந்தது. "ஐயா, எனக்குக் கூடுதல் நேரம் உண்டு" என்று பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத குரலில் சொன்னார். என்னிடம் இருந்த பட்டியலில் அப்படி எதுவும் இல்லை. தாளை வாங்கிவிட்டேன்.

அவருக்கு டிஸ்கிராஃபியா, அதாவது எழுதுவதில் உள்ள கற்றல் குறைபாடு. சான்றிதழை இணைத்து விண்ணப்பம் கொடுத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அது ஏதோ ஒரு கோப்பில் கையெழுத்துக்காகக் கிடந்தது. வகுப்பில் வாய்மொழியாகக் கேள்வி கேட்டால் முதலில் எழுந்து பதில் சொல்கிற பிள்ளை, அந்தத் தாளில் அரியர் வைத்தார். இன்றுவரை அது எனக்கு உறுத்துகிறது.

சட்டம் இல்லையா என்றால், தெளிவாகவே இருக்கிறது. 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன. கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதை 21 ஆக்கியது. கற்றல் குறைபாடும் உள்ளே வந்தது. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடம், தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் எல்லாம் அதில் உண்டு. ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஈட்டு நேரம், அதாவது குறையை ஈடுகட்டும் கூடுதல் நேரம், தர வேண்டும் என்று 2018-இல் மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். நான் பறித்தது அதைத்தான்.

இதே போன்ற ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நீட் தேர்வு எழுதிய டிஸ்கிராஃபியா மாணவி ஒருவருக்குத் தேர்வு மையத்தில் அந்த ஒரு மணி நேரம் மறுக்கப்பட்டது. அது தவறு என்று 2021 நவம்பரில் நீதிமன்றம் கூறியது. ஆனால் மறுதேர்வு கிடைக்கவில்லை. போன நேரம் போனதுதான்.

பிளஸ் டூ வரை பெற்றோரும் வகுப்பாசிரியரும் அலைந்து திரிந்து கூடுதல் நேரத்துக்கான ஆணையை வாங்கிவிடுகிறார்கள். கல்லூரிக்குள் வந்ததும் எல்லாம் அந்தப் பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் விழுகிறது. ஒவ்வொரு செமஸ்டருக்கும் புதிதாக மனு எழுத வேண்டும். துறைத்தலைவர் முன்னால் போய் நின்று தன் குறையை மறுபடி விளக்க வேண்டும். "பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாய்?" என்று கேட்கிற ஆசிரியர்களை நானே பார்த்திருக்கிறேன். உள்மதிப்பீட்டுத் தேர்வுகளில் கூடுதல் நேரம் என்ற பேச்சே எழுவதில்லை. பார்வையற்ற மாணவர்கள் பாடு இன்னும் கொடுமை. அவர்கள் சொல்வதை எழுத வருவதாகச் சொன்னவர் தேர்வுக்கு முந்தின இரவு வர முடியாது என்றுவிட்டால், படித்ததை மீண்டும் ஒருமுறை கேட்க வேண்டிய நேரத்தில் எழுதுவதற்கு ஆள் தேடிக் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் 'சலுகை' என்று எழுதுவதை முதலில் நிறுத்துவோம். சலுகை என்றால் கொடுப்பவர் மனம் வைக்க வேண்டும். வாங்குபவர் நன்றி சொல்ல வேண்டும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் எதுவும் இல்லை. சேர்க்கையின்போதே ஒருமுறை கேட்டு, சான்றிதழை ஒருமுறை வாங்கி, படிப்பு முடியும்வரை செல்லுபடியாகும் ஆணையைக் கல்லூரியே பிறப்பிக்கட்டும். அந்தக் குறிப்பு ஹால் டிக்கெட்டிலேயே அச்சாகட்டும். சொல்வதை எழுதுபவர்களின் பட்டியலைக் கல்லூரியே வைத்திருக்கட்டும்.

அந்த மாணவர் அரியரை அடுத்த செமஸ்டரில் எழுதித் தேறினார். ஆணை கையில் இருந்தது; இரண்டு மணி வரை எழுதினார். நடுவில் போன ஆறு மாதத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் உட்பட.

கல்லூரியில் பணியாற்றும் நண்பர்களே, அடுத்த உள்மதிப்பீட்டுத் தேர்வுக்கு முன்பே உங்கள் வகுப்பில் யாருக்குக் கூடுதல் நேரம் வேண்டும் என்று தனியாக விசாரித்து வையுங்கள். எல்லோர் முன்னிலையிலும் கேட்காதீர்கள், கை தூக்கமாட்டார்கள்.