சாட்ச்மோ கேலிப்பெயர் அல்ல

'சாட்ச்மோ என்பது அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கை அவமானப்படுத்த வெள்ளையர்கள் வைத்த பெயர். அவரும் சிரித்துக்கொண்டே காலம் தள்ளினார், இனவெறி பற்றி வாயே திறக்கவில்லை' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

லூசியானா மாநிலத்தில் அவர் பிறந்த நியூ ஆர்லியன்ஸ் நகரில் சிறுவயதிலேயே, வாய் பெரிதாக இருந்ததால் அவரைத் 'தோல்பை வாயன்' என்ற பொருளில் சாட்செல்மவுத் என்று கூப்பிட்டார்கள். 1932இல் லண்டன் போனபோது ஓர் ஆங்கிலப் பத்திரிகை ஆசிரியர் அதைச் சுருக்கி 'சாட்ச்மோ' என்றார். சரி, அவர் வெள்ளையர்தான். ஆனால் ஆம்ஸ்ட்ராங்குக்கு அந்தப் பெயர் பிடித்துப்போனது. 1954இல் வந்த தன் வாழ்க்கை வரலாற்றுக்கே அதைத்தான் தலைப்பாக வைத்தார்.

அப்புறம் அந்த 'வாயே திறக்கவில்லை'. 1957 செப்டம்பரில் ஆர்கன்சா மாநிலம் லிட்டில் ராக்கில் ஒன்பது கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் விடாமல் தடுத்தார்களே, அப்போது அதிபர் ஐசன்ஹோவருக்குத் துணிச்சல் இல்லை என்று நிருபரிடம் நேராகவே சொன்னார். அரசு சார்பில் போகவிருந்த சோவியத் பயணத்தையும் வேண்டாம் என்றார். புகழின் உச்சியில் இருந்தவருக்கு இழக்க நிறைய இருந்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் வாசிக்க லூசியானா 1956இல் தடை போட்டதும், சொந்த ஊரிலேயே 1965 வரை அவர் வாசிக்கவில்லை. பிறந்த ஊரை அவ்வளவு நேசித்தவர் அவர். இன்று அந்த ஊர் விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்து அவரைக் கோழை என்று எழுதாதீர்கள். 1928இல் பதிவான 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' தொடக்கத்தில் அவர் தனியாக ஊதும் அந்தச் சில நொடிகளைக் கேட்டுப் பாருங்கள்.