நாங்கள் சிப்பாய்களா, கூலியாட்களா?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடமாநிலங்களின் பக்கம் நின்று போரிட்ட கறுப்பினச் சிப்பாய்களின் படை, மாசசூசெட்ஸ் 54ஆம் தன்னார்வக் காலாட்படை என்று பேச்செடுத்தாலே எல்லோரும் வாக்னர் கோட்டைக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் கோட்டைத் தாக்குதலைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அந்தப் படையின் போர்க்கால வரலாற்றை என்னிடம் கேட்டால், சம்பள மேசைக்கு முன்னால் கைநீட்ட மறுத்து நின்ற 18 மாதங்களைத்தான் முதலில் சொல்வேன்.

பாஸ்டனில் மாநில அவைக் கட்டடத்துக்கு எதிரே அவர்களுக்கு ஒரு வெண்கலப் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. செயின்ட் காடென்ஸ் என்ற சிற்பி வடித்து 1897இல் திறக்கப்பட்டது. குதிரைமேல் வெள்ளைக்கார கர்னல் ராபர்ட் கோல்ட் ஷா. அவரைச் சுற்றிலும் சுருட்டிய போர்வையும் துப்பாக்கியுமாக நடந்து போகும் கறுப்பினச் சிப்பாய்கள். ஒவ்வொரு முகமும் வேறு; தாடிக்காரர் இருக்கிறார், மீசை அரும்பாத பையன் இருக்கிறான். நான் அதன் பின்பக்கம் போய் நெடுநேரம் நின்றேன். இறந்த வெள்ளை அதிகாரிகளின் பெயர்கள் தொடக்கத்திலேயே கல்லில் செதுக்கப்பட்டுவிட்டன. இறந்த கறுப்பினச் சிப்பாய்களின் பெயர்கள் 1980களில்தான் சேர்ந்தன. இடையில் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

1863 ஜனவரியில் லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் வந்தவுடன் மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ இந்தப் படையைத் திரட்டினார். ஆள் சேர்க்க ஊர் ஊராகப் பேசியவர்களில், அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த கறுப்பினத் தலைவர் பிரெடரிக் டக்ளஸ் முக்கியமானவர். தன் மகன்கள் லூயிஸ், சார்லஸ் இருவரையும் சேர்த்துவிட்டார். பிடிபட்டால் போர்க்கைதி என்ற மரியாதை கிடைக்காது, அடிமைத்தனமோ மரணமோதான் என்று எதிர்ப்பக்கமான தென்மாநிலங்களின் அரசு முன்கூட்டியே மிரட்டியிருந்தது. அது தெரிந்தே கையெழுத்துப் போட்டார்கள். மற்றப் படைவீரர்களைப் போலவே மாதம் 13 டாலர் என்பது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு.

ஜூலை 18, 1863. சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் வாயிலில் மோரிஸ் தீவு. ஒருபக்கம் கடல், மறுபக்கம் சதுப்பு, நடுவே குறுகலான மணல் பாதை. இரண்டு நாளாகச் சரியான தூக்கமோ சாப்பாடோ இல்லாத சுமார் 600 பேர் இருட்டும் நேரத்தில் அங்கிருந்த வாக்னர் கோட்டையை நோக்கி முன்வரிசையில் பாய்ந்தார்கள். 270க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், காயப்பட்டார்கள் அல்லது பிடிபட்டார்கள். கர்னல் ஷா மதில்மேல் விழுந்தார். அவமானப்படுத்துவதாக எண்ணி எதிரிகள் அவரை அவருடைய கறுப்பினச் சிப்பாய்களோடு ஒரே குழியில் புதைத்தார்கள். மகனின் உடலை அங்கிருந்து எடுக்கவே கூடாது என்று தந்தை சொல்லிவிட்டார். படையின் சிப்பாய் வில்லியம் கார்னி உடலெங்கும் காயத்தோடு கொடியைத் தரையில் படாமல் கொண்டுவந்து சேர்த்தார். அதற்கான உயரிய பதக்கம் அவர் கைக்கு வந்தது 1900இல்.

சம்பளம் தர வந்த அதிகாரியோ 10 டாலர் என்றார். அதிலும் சீருடைக்கு 3 டாலர் பிடித்தம். கைக்கு 7. வெள்ளைச் சிப்பாய்க்கு 13 டாலர், உடைக்குப் பிடித்தம் கிடையாது. காரணம் கேட்டால் 1862ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டினார்கள். பள்ளம் தோண்டவும் மூட்டை தூக்கவும் எடுக்கும் ஆட்களை மனதில் வைத்து எழுதிய விகிதம் அது.

படை மொத்தமும் அந்தப் பணத்தை வேண்டாம் என்றது. மறுபடி வந்தார்கள், மறுபடி வேண்டாம் என்றது. வீட்டிலிருந்து வந்த கடிதங்களில் பசி எழுதியிருந்தது. நவம்பரில் மாசசூசெட்ஸ் சட்டமன்றமே குறையும் தொகையை நாங்கள் தருகிறோம் என்று முன்வந்தது. அதையும் மறுத்தார்கள்! ஒவ்வொரு முறை படிக்கும்போதும் நான் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறேன். பிள்ளை பட்டினி கிடக்கும்போது கைக்கெட்டிய முழுத்தொகையை ஒருவர் மறுக்கிறார் என்றால், கணக்கு எவ்வளவு தெளிவாக அவர் மனதில் இருந்திருக்க வேண்டும்! குறையை யார் நிரப்பினாலும், லிங்கனின் கூட்டாட்சி அரசின் ஏட்டில் அவர் 7 டாலர் ஆள்தானே.

ஜேம்ஸ் ஹென்றி கூடிங் என்ற கார்ப்பரல், முன்பு திமிங்கில வேட்டைக் கப்பலில் வேலை பார்த்தவர், அந்த செப்டம்பரில் மோரிஸ் தீவு முகாமிலிருந்து லிங்கனுக்கே கடிதம் எழுதினார். நாங்கள் சிப்பாய்களா, கூலியாட்களா என்று அதில் கேட்டார். சம்பளத்துக்கும் கூலிக்கும் உள்ள தூரம் தமிழ்க் காதுக்கு விளக்கத் தேவையில்லாதது. சிப்பாயின் கடமையைச் செய்துவிட்டோம், சிப்பாயின் சம்பளம் ஏன் கிடைக்கவில்லை என்பதும் அதே கடிதத்தில் இருக்கிறது.

போர் நடக்கும்போது சம்பளப் பேச்சா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் ஓலஸ்டீயைப் பார்க்கட்டும். 1864 பிப்ரவரி, புளோரிடா. ஏறக்குறைய ஓராண்டாகக் கூட்டாட்சி அரசிடம் ஒரு காசு வாங்காதவர்கள், "மாசசூசெட்ஸுக்கும் மாதம் ஏழு டாலருக்கும் ஜே" என்று கூவிக்கொண்டு களத்தில் இறங்கினார்கள். தோற்றுப் பின்வாங்கும் படைக்குக் காவலாகக் கடைசிவரை நின்றார்கள். காயப்பட்டவர்களை ஏற்றிய ரயில் வழியில் இன்ஜின் பழுதாகி நின்றுவிட்டது. நடந்து களைத்தவர்கள் திரும்பிப் போய், இன்ஜினிலும் பெட்டிகளிலும் கயிறு கட்டி, சில மைல் தூரம் கையாலேயே இழுத்து வந்தார்கள். உள்ளே கிடந்தவர்களில் 13 டாலர் வாங்கிய வெள்ளைச் சிப்பாய்களும் இருந்தார்கள். வேலையில் ஒரு மணி நேரம்கூடக் குறைக்காமல் பணத்தை மட்டும் மறுத்த போராட்டம் இது.

அதே பிப்ரவரி கடைசியில், தென் கரோலினா கறுப்பினப் படை ஒன்றைச் சேர்ந்த சார்ஜென்ட் வில்லியம் வாக்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டது அவருடைய சொந்த ராணுவம். சம ஊதியம் இல்லையென்றால் வேலை இல்லை என்று தன் ஆட்களை ஆயுதங்களைக் கீழே வைக்கச் செய்தது கலகம் என்று தீர்ப்பாகியிருந்தது. 54ஆம் படைக்கும் அந்தச் செய்தி போயிருக்கும். அதற்குப் பிறகும் அவர்கள் அசையவில்லை என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

"தங்கள் வீரத்தை நிரூபித்தார்கள்" என்று இவர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. யாரிடம் நிரூபிக்க வேண்டியிருந்தது? வெள்ளைச் சிப்பாய் சேர்ந்த அன்றே அவனுக்கு 13 டாலர் எழுதினார்கள். எந்த மதில்மேல் ஏறிச் செத்துக் காட்டச் சொன்னார்கள்?

1864 ஜூனில் நாடாளுமன்றம் இறங்கி வந்தது, ஒரு முடிச்சோடு. 1861 ஏப்ரல் 19 அன்று சுதந்திர மனிதராக இருந்தவர்களுக்கு மட்டுமே சேர்ந்த நாளிலிருந்து முழுப் பாக்கி. அந்த நாளில் அடிமையாக இருந்து பின்னர் தப்பி வந்தவர்களும் படையில் உண்டு. ஷாவுக்குப் பின் கர்னலான எட்வர்ட் ஹாலோவெல் ஓர் உறுதிமொழியை எழுதினார்: அந்தத் தேதியிலோ அதற்கு முன்போ, ஊதியமில்லா உழைப்பை எந்த மனிதருக்கும் நான் கடன்பட்டிருக்கவில்லை. முன்னாள் அடிமையும் கையை உயர்த்தி மனசாட்சியோடு சொல்லக்கூடிய வாசகம். எந்த நீதிப்படி அவர் யாருக்கு இலவச உழைப்பு கடன்பட்டிருந்தார்?

செப்டம்பர் இறுதியில் பணம் வந்தது. படை முழுவதற்கும் 1,70,000 டாலர் தேவைப்பட்டது. அதில் 50,000 டாலருக்கு மேல் உடனே வீடுகளுக்கு அனுப்பப்பட்டது. பெயர் கூப்பிட்ட வரிசையில் ஜேம்ஸ் ஹென்றி கூடிங் இல்லை. ஓலஸ்டீயில் காயத்தோடு பிடிபட்ட அவர், ஜூலையிலேயே ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் இறந்துவிட்டார்.