காபியில் கலந்து கொடுத்தால் குடி நிற்குமா?

"மலைமூலிகைப் பொடி. கணவருக்குத் தெரியாமல் காபியில் கலந்து கொடுங்கள், பத்தே நாளில் குடியை மறப்பார்." கோத்தகிரி, குன்னூர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு. ஆபத்தும்கூட.

அப்படி எந்த மூலிகையும் நிரூபிக்கப்படவில்லை. பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? குடியை நிறுத்த மருத்துவர் தரும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரையையும் சிலர் இப்படி ரகசியமாகக் கலக்கிறார்கள். அது, மது உடலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாறிய பிறகு மேலும் சிதையவிடாமல் தடுக்கும். அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு வரும். ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். கடைசி மாத்திரைக்குப் பின் இரண்டு வாரம் வரைகூட இந்த ஆபத்து உண்டு. நோயாளியின் சம்மதத்தோடு, பரிசோதித்துத்தான் மருத்துவர் கொடுப்பார். நள்ளிரவில் எஸ்டேட் லைன் வீட்டில் ஒருவர் சரிந்தால், வளைவுச் சாலையில் ஆஸ்பத்திரி போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்!

சரி, அறையில் பூட்டிவைத்து நிறுத்தலாமா? அதுவும் கூடாது. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பும், அப்புறம் மனக்குழப்பமும் வரலாம்.

அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரைப் பாருங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல உதவிக்கு 14416, இரண்டும் இலவசம். குடிப்பவர் வர மறுத்தாலும் குடும்பத்தார் பேசலாம்.