ஸ்கேன் நார்மல்னா எல்லாம் முடிஞ்சுதுன்னு அர்த்தம் இல்லைங்க

தலையில அடிபட்டு போனா சிடி ஸ்கேன் எடுத்துட்டு "ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போய் நல்லா ரெஸ்ட் எடுங்க"ன்னு அனுப்பிடறாங்க பாருங்க, அந்த ஒரு வரியோட விட்டுடறதுதான் எனக்கு ஆத்திரமா வருது. ஸ்கேன் பாக்கறது ரத்தக்கசிவு இருக்கா, எலும்பு உடைஞ்சிருக்கான்னுதான். கன்கஷன்ல, அதாவது அடிபட்டு மூளை குலுங்கி அதோட வேலை கொஞ்ச நாள் தடுமாறறதுல, நடக்கறது வேற. மூளை செல்லுல இருந்து பொட்டாசியம் வெளிய போய் கால்சியம் உள்ள வந்துடும், அதை சரிபண்ண செல்லுக்கு ஏகப்பட்ட எனர்ஜி வேணும், அதே நேரத்துல ரத்த ஓட்டமும் கொறைஞ்சிருக்கும், இது எதுவும் சாதாரண ஸ்கேன்ல தெரியாது. ஆனா தலைவலி, கிறுகிறுப்பு, வெளிச்சம் பட்டா கூசறது, நாலு வரி படிச்சதும் அசந்து போறது எல்லாம் நிஜம். "அதான் நார்மல்னு வந்துடுச்சே"ன்னு வீட்லயும் ஆபீஸ்லயும் கேக்கறப்போ அடிபட்டவங்க எதைக் காட்டி புரியவைப்பாங்க?

அப்புறம் இந்த ரெஸ்ட். இருட்டு ரூம்ல வாரக்கணக்கா படுக்க வைக்கறது இன்னும் நடக்குது. 2015ல 11லருந்து 22 வயசு வரைக்கும் உள்ளவங்கள வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, 5 நாள் முழு ரெஸ்ட் எடுத்தவங்க, ஒண்ணு ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்துட்டு மெதுவா பழைய வேலைக்குத் திரும்பினவங்களை விட அதிக தொந்தரவு சொன்னாங்க, அது அடங்கவும் கூட நாளாச்சு. 2019ல பஃபலோ பல்கலைக்கழக டாக்டர் ஜான் லெட்டி டீம் 103 டீன் ஏஜ் பசங்கள பாத்தாங்க. தொந்தரவு கிளம்பாத அளவுக்கு தினமும் எக்சர்சைஸ் பண்ணவங்க சராசரியா 13 நாள்ல தேறினாங்க, வெறும் ஸ்ட்ரெச்சிங் பண்ணவங்களுக்கு 17 நாள். நாலு நாள்தானேன்னு நினைக்காதீங்க, கன்கஷனை குணப்படுத்தன்னு அப்ரூவ் ஆன மாத்திரை ஒண்ணு கூட இல்லாதப்போ அது பெரிய விஷயம்.

போனும் அப்படித்தான். முதல் 48 மணி நேரம் ஸ்க்ரீன் பக்கமே போகாதவங்க சீக்கிரம் தேறினாங்கன்னு 2021ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஆனா அது முதல் ரெண்டு நாளைக்குத்தான், அதை மாசக்கணக்கா நீட்டி ஒரு பையனை ஃப்ரெண்ட்ஸ்கிட்ட பேசவிடாம வச்சா அவன் மனசு என்னாகும். 2022ல ஆம்ஸ்டர்டாம்ல விளையாட்டுல வர்ற கன்கஷன் பத்தி நடந்த சர்வதேச மாநாட்டுல விளையாட்டு வீரர்களுக்கு சொன்னதும் இதான், ஒண்ணு ரெண்டு நாள் அளவா ரெஸ்ட், அப்புறம் மெதுவா நடக்க ஆரம்பிங்க. நடக்கறப்போ தலைவலி கொஞ்சம் கூடி சீக்கிரம் அடங்கினா பயப்பட வேண்டியதில்ல. ரொம்ப கூடினா நிறுத்திட்டு மறுநாள் பாக்கணும். ஆனா திரும்ப அடிபட வாய்ப்புள்ள விளையாட்டு மட்டும் டாக்டர் சொல்ற வரைக்கும் கூடவே கூடாது.

இதெல்லாம் ஒரு தாள்ல எழுதிக் கொடுத்து, ரெண்டு வாரம் கழிச்சு வந்து காட்டுங்கன்னு தேதி போட எவ்வளவு நேரம் ஆகும்? நாலு வாரம் தாண்டியும் கிறுகிறுப்பு, கழுத்து வலி இருந்தா பிசியோதெரபிக்கு அனுப்பச் சொல்லி நீங்களே கேளுங்க. கழுத்துக்கும் பேலன்ஸுக்கும் தனியா பயிற்சி இருக்கு, நல்லா கேக்கும். திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கூடிக்கிட்டே போற தலைவலி, கை கால் பலமில்லாம போறது, எழுப்பினா முழிக்காதது, இதுல ஒண்ணு வந்தாலும் ஸ்கேன் நார்மல்னு சொன்னாங்களேன்னு வீட்ல உக்காந்திருக்காம உடனே எமர்ஜென்சிக்கு ஓடுங்க.