அடைப்புக்குள் ஒரு கடவுள்

(ஒரு பல்கலைக்கழகத்தின் சமயவியல் துறை அலுவலகம். மேசையில் ஐந்து நாட்காட்டிகள், ஐந்தும் வேறு வேறு வருடம் காட்டுகின்றன. வசந்தா இங்கே 18 வருடமாக எழுத்தர். குமார் இயந்திரப் பொறியியல் துறையிலிருந்து முந்தாநாள் மாறுதலாகி வந்த அரங்க உதவியாளர். கையில் சாவிக்கொத்து, காலில் செருப்பு இல்லை.)

வசந்தா: செருப்பு எங்கே தம்பி?

குமார்: வாசலில் விட்டிருக்கிறேன் அக்கா. சமயத் துறை இல்லையா, ஒரு மரியாதை.

வசந்தா: சமயவியல் துறை! இங்கே யாரும் கும்பிடுவதில்லை. கும்பிடுகிறவர்கள் ஏன் கும்பிடுகிறார்கள் என்று கட்டுரை எழுதுவார்கள். போய் மாட்டிக்கொண்டு வா.

குமார்: அதற்கு முன்னால் ஒரு சந்தேகம். காலையில் தலைவர் ஐயாவைப் பார்த்து, "இவ்வளவு படித்திருக்கிறீர்களே, கடவுள் இருக்கிறாரா, இல்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

வசந்தா: ஐயோ. என்ன சொன்னார்?

குமார்: "அதை நாங்கள் அடைப்புக்குள் வைத்திருக்கிறோம்" என்றார். எந்த அறையில் அடைத்து வைத்திருக்கிறீர்கள்? என் கொத்தில் அந்தச் சாவி இல்லையே.

வசந்தா: அடைப்புக்குறி தம்பி, அடைப்புக்குறி! நினியன் ஸ்மார்ட் என்று ஒருவர் இருந்தார். 1967-இல் இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் சமயவியல் துறையைத் தொடங்கியவர். கடவுள் இருக்கிறார் என்றும் சொல்லாதே, இல்லை என்றும் சொல்லாதே, நம்புகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனி. அவர் காட்டிய வழி அது.

குமார்: என் மாமனார் சொத்து விஷயத்தில் இப்படித்தான். இருக்கிறது என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். நான் என்ன செய்கிறேன் என்று மட்டும் கவனிப்பார்.

வசந்தா: சரி சரி, வேலைக்கு வருவோம். வருடாந்திரச் சொற்பொழிவுக்குத் தேதி பார்க்க வேண்டும்.

குமார்: இதற்கு என்ன யோசனை? வெள்ளிக்கிழமை வைத்துவிடுங்கள்.

வசந்தா: மதியம் ஜும்ஆ தொழுகை. சூரியன் மறைந்தால் யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கிவிடும், சனிக்கிழமை இருட்டும் வரை. ஞாயிறு சர்ச்.

குமார்: அப்போ ஏப்ரலில் ஏதாவது ஒரு திங்கள்?

வசந்தா: ஈஸ்டர் மார்ச் 22-இலிருந்து ஏப்ரல் 25 வரைக்கும் எந்த ஞாயிறும் வரும். அதையொட்டி முன்னும் பின்னும் பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். ரஷ்யா, கிரேக்கம் பக்கத்து ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் பழைய ஜூலியன் நாட்காட்டியில் கணக்குப் போடுவதால் பல வருடங்களில் அவர்களுக்கு வேறு ஞாயிறு.

குமார்: ஒரே பண்டிகைக்கு இரண்டு தேதியா? எங்கள் பழைய துறையில் ஒரே தேர்வுக்கு இரண்டு தேதி போட்டார்கள், மாணவர்கள் கதவைப் பூட்டிவிட்டார்கள்.

வசந்தா: ரம்ஜான் வேறு. முஸ்லிம்களின் வருடம் ஏறக்குறைய 354 நாள். அதனால் நம் நாட்காட்டியில் வருடா வருடம் 10, 11 நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். ஒரு சுற்று முடிய 33 வருடம் ஆகும். போன வருடத்துத் தேதியைப் பார்த்து நோட்டீஸ் அடித்த எழுத்தர் ஒருவர் இருந்தார்.

குமார்: இப்போது எங்கே?

வசந்தா: நூலகத்தில் தூசி தட்டுகிறார்.

குமார்: சாப்பாடு?

வசந்தா: யார் யாருக்கு எது எது ஆகாது என்பது தனிக் கோப்பு. அதை இன்று திறக்க வேண்டாம். எனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது.

குமார்: நாற்காலியாவது சொல்லுங்கள். எத்தனை போட?

வசந்தா: அது பேச வருகிறவர் எந்தக் கட்சி என்பதைப் பொறுத்தது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் கட்சி என்றால், சமயம் என்பது தனிமையில் ஒரு மனிதனுக்குள் நடக்கும் அனுபவம். 1902-லேயே எழுதிவிட்டார்.

குமார்: ஒரு நாற்காலி. அப்புறம்?

வசந்தா: பிரெஞ்சு சமூகவியலாளர் துர்கைம் கட்சி என்றால், சமயம் என்பதே சமூகம். கூட்டம் கூடினால்தான் புனிதம் பொங்கும். இது 1912.

குமார்: பத்தே வருடத்தில் ஒரு நாற்காலி அரங்கம் நிறைய ஆகிவிட்டதா! இத்துடன் முடிந்ததா?

வசந்தா: அமெரிக்கச் சமய வரலாற்றாசிரியர் ஜொனாதன் ஸ்மித் இருக்கிறாரே. 'சமயம்' என்பதே ஆய்வாளர்கள் தங்கள் அறைக்குள் உட்கார்ந்து உண்டாக்கிய ஒன்று என்று 1982-இல் சொல்லிவிட்டார்.

குமார்: அப்படியென்றால் அரங்கத்தையே திறக்க வேண்டாம். ஆளுக்கொரு அறையில் இருந்துகொள்ளட்டும். அக்கா, உண்மையைச் சொல்லுங்கள், இந்தத் துறையில் சமயம் என்றால் என்ன என்று இன்னும் முடிவாகவில்லையா?

வசந்தா: முடிவானால் துறையை மூடிவிடுவார்கள் தம்பி. உனக்கும் எனக்கும் சம்பளம் வருவதே அது முடிவாகாததால்தான்.

(வசந்தா எழுத்தராகச் சேர்ந்தவர். வருகைப் பதிவேட்டோடு அரங்க வாசலில் உட்கார்ந்தே பாதிப் பேராசிரியர் ஆகிவிட்டார். மீதிப் பாதி, சம்பளச் சீட்டில் இல்லை.)

குமார்: ருடால்ஃப் ஓட்டோ என்று அறிவிப்புப் பலகையில் பார்த்தேனே, அவருக்கு எத்தனை நாற்காலி?

வசந்தா: அவர் ஜெர்மன் இறையியலாளர், 1917-இல் எழுதியவர். புனிதத்தின் முன்னால் நிற்கும்போது நடுக்கமும் வருமாம், கிட்டே போகத் தூண்டும் ஈர்ப்பும் வருமாம், இரண்டும் ஒன்றாக. எனக்கு அது பதிவாளர் அறையிலிருந்து தொலைபேசி வரும்போதெல்லாம் வரும்.

குமார்: நடுக்கம் சரி. ஈர்ப்பு எங்கே வந்தது?

வசந்தா: ஊக்கத்தொகைக் கோப்பு அங்கேதானே இருக்கிறது!

குமார்: நிகழ்ச்சியை எப்படித் தொடங்குவார்கள்?

வசந்தா: தலைவர் எழுந்து, "ஒன்றை மட்டும் அறிந்தவன் ஒன்றையும் அறியாதவன்" என்பார். சமயங்களை ஒப்பிட்டு ஆராய்ந்த முன்னோடி மாக்ஸ் முல்லர் 1870-இல் லண்டனில் பேசியபோது சொன்னது. ஒரு சமயத்தை மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதாது என்று அர்த்தம். 18 வருடமாக அதே வாக்கியம், அதே இடத்தில் அதே இருமல். பிறகு பேச்சு, பிறகு கேள்வி நேரம். உனக்கு வேலை அங்கேதான்.

குமார்: மைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதானே?

வசந்தா: கொடுப்பது சுலபம். திரும்ப வாங்குவதுதான் தவம். "என்னுடையது கேள்வி அல்ல, ஒரு சிறு குறிப்பு" என்று யாராவது தொடங்கினால் அந்த நிமிடமே பக்கத்தில் போய் நின்றுகொள். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவருடைய குறிப்பு 40 நிமிடம் போயிற்று. பேச வந்தவர் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

குமார்: அக்கா, எனக்கு ஒன்று தோன்றுகிறது. அந்த லங்காஸ்டர்காரர் சமயத்துக்கு ஏழு பரிமாணம் சொன்னதாக ஒரு சுவரொட்டி ஒட்டியிருக்கிறதே…

வசந்தா: ஆமாம். சடங்கு, கதை, அனுபவம், கோட்பாடு, நெறி, சமூகம், பொருள்.

குமார்: எண்ணிக்கொள்ளுங்கள். சடங்கு, முல்லர் வாக்கியமும் இருமலும். கதை, துறை தொடங்கிய காலத்தில் ஒரே ஒரு அறைதான் இருந்தது என்று மூத்தவர்கள் சொல்வது.

வசந்தா: ஒவ்வொரு வருடமும் அந்த அறை இன்னும் சின்னதாகிறது. போன தடவை ஜன்னலும் போய்விட்டது.

குமார்: கோட்பாடு, அடைப்புக்குறி. நெறி, அடிக்குறிப்பு இல்லாமல் அடுத்தவர் வரியை எடுக்காதே. பொருள், இந்த மைக். சமூகம், 40 நிமிடக் குறிப்பையும் எழுந்து போகாமல் கேட்கிற அந்தக் கூட்டம்.

வசந்தா: அனுபவம்?

குமார்: கடைசி வரிசையில் கண்ணை மூடி, தலை லேசாக ஆட, அசைவில்லாமல்…

வசந்தா: அது தூக்கம் தம்பி!

குமார்: அடைப்புக்குள் வையுங்கள் அக்கா. தூக்கம் என்றும் சொல்லாதீர்கள், தியானம் என்றும் சொல்லாதீர்கள்.

(வசந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஐந்து நாட்காட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் புரட்டுகிறார். திடீரென்று நிமிர்கிறார்.)

வசந்தா: கிடைத்துவிட்டது! அடுத்த மாதம் 14, செவ்வாய். எந்த நோன்பும் இல்லை, எந்தப் பண்டிகையும் இல்லை, பௌர்ணமிகூட இல்லை. உலகத்தில் யாருக்குமே வேண்டாத ஒரு செவ்வாய்!

குமார்: 14-ஆ? (சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுக்கிறார்.) அன்றைக்குக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை வளாகம் முழுக்க மின்தடை அக்கா. பராமரிப்பு வேலை.

வசந்தா: எல்லாக் கடவுள்களும் விட்டுக்கொடுத்தும் மின்சாரம் விட்டுக்கொடுக்கவில்லையே!

குமார்: மைக் இல்லை, மின்விசிறி இல்லை, திரை இல்லை. தலைப்பு என்ன என்றாவது சொல்லுங்கள், ஏதாவது வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

வசந்தா: (கோப்பைப் புரட்டி) குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பற்றியது. அவர்களில் பலர் கூடி உட்கார்ந்து, வெகுநேரம் யாரும் பேசாமலே வழிபடுகிறவர்கள். தலைப்பு… "மௌனம்".

குமார்: 14-ஆம் தேதியே போடுங்கள் அக்கா. கேள்வி நேரத்தையும் அந்தத் தலைப்புக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள்.